மெதுவான கைக்கு ஒரு பியானோ

எங்கள் வீட்டில் பாத்திரம் வைக்கிற சத்தம் கேட்காது. என் மனைவி தண்ணீர்ச் செம்பைத் தரையில் வைத்தால், வைத்துவிட்டாளா, இன்னும் கையில்தான் இருக்கிறதா என்று திரும்பிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கதவு சாத்துவதும் அப்படித்தான். பதினாறு வயதிலிருந்து ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் குழாய்களில் வெடிமருந்து செலுத்துகிற வேலை அவளுக்கு. அந்த அறைக்குள் எதையும் போடக்கூடாது, தட்டக்கூடாது, இழுக்கக்கூடாது, தேய்க்கக்கூடாது. உள்ளே நுழையுமுன் வாசலில் பதித்திருக்கும் செம்புத் தகட்டில் கையை வைத்து, உடம்பிலிருக்கிற மின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் போக வேண்டும். அந்தப் பழக்கம் வீட்டிலும் அவளை விடவில்லை. முக்கியமான எதையும் தொடுமுன் கதவுத் தாழ்ப்பாளை ஒருமுறை தொட்டுக்கொள்வாள். ஏன் தொடுகிறாய் என்றால், தொட்டேனா என்பாள்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். சாத்தூர் பஜாரில் ஒரு பாயின் ரேடியோ, டிவி ரிப்பேர் கடையில் வேலை. எழுத்தைவிட நிறத்தை நன்றாக வாசிப்பேன். ரெசிஸ்டர் மேல் மோதிரம் மோதிரமாகப் போட்டிருக்கும் நிறங்களைப் பார்த்த மாத்திரத்தில் அதன் அளவைச் சொல்லிவிடுவேன். பேச்சுதான் வராது. யாராவது டிவியைக் கொண்டுவந்து என்ன கோளாறு என்று கேட்டால், நான் முதலாளியைப் பார்ப்பேன். "அவன் டிவி கூட மட்டுந்தான் பேசுவான். நீங்க எங்கிட்டக் கேளுங்க" என்பார் அவர்.

இந்தக் கூச்சம்தான் ஒரு பொய்யில் கொண்டுபோய் விட்டது.

ஆனைக்குட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு ஊரில் அவளைப் பெண் பார்க்கப் போனோம். அவளுடைய அப்பா அந்த ஊர்ச் சபையைக் கவனித்துக்கொண்ட உபதேசியார். அப்போது உயிரோடு இல்லை. வீடு வேதக்கோயிலை ஒட்டியே இருந்தது. பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து போகும்போதே கோயிலுக்குள்ளிருந்து ஆர்கன் சத்தம் கேட்டது. காலால் காற்றடித்துக் கையால் வாசிக்கிற பழைய ஆர்கன். ஒரு பாட்டு மெல்ல மேலே ஏறிக்கொண்டே வந்தது. இதோ உச்சிக்கு வந்துவிடும் என்று நான் நினைத்த இடத்தில் சட்டென்று நின்றது. மாப்பிள்ளை வீட்டார் வந்துவிட்டார்கள் என்று யாரோ உள்ளே போய்ச் சொல்லிவிட்டார்கள். அந்தப் பாட்டின் மிச்சத்தை நான் கேட்கவில்லை.

டீ கொடுத்த கையோடு எங்கள் இரண்டு பேரையும் முற்றத்தில் விட்டுவிட்டு மற்றவர்கள் உள்ளே போய்ப் பேசினார்கள். நான் கோழிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள்தான் கேட்டாள்.

"உங்க ஊர்க் கோயில்ல ஆர்கன் இருக்கா?"

நான் தலையை ஆட்டினேன்.

ஆர்கன் இருந்தது உண்மை. பீடத்துக்கு வலப்பக்கம் ஒரு பெரிய பெட்டி, மேலே பச்சைத் துணி, துணிக்கு மேலே பூச்சாடி. ஆனால் அதை யாரும் வாசித்து நான் கேட்டதில்லை. அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டுமென்று நாக்கு நுனிவரை வந்தது. அதற்குள் கூப்பிட்டுவிட்டார்கள். அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்த பிறகு சொல்ல மனம் வரவில்லை என்பதுதான் நிஜம்.

கல்யாணமாகி முதல் ஞாயிறு. ஆராதனை முடிந்து ஜனம் கலைந்ததும் அவள் நேரே அந்தப் பெட்டியிடம் போனாள். பூச்சாடியை இறக்கிவைத்தாள், துணியை மடித்தாள், மூடியைத் திறந்தாள், உட்கார்ந்து காலால் மிதித்தாள். காற்று புஸ்ஸென்று கீழே போனது. குனிந்து பார்த்தாள். துருத்தித் தோலை எலி தின்று எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. சத்தம் வராத கட்டைகளின் மேல் ஒரு முறை விரலை ஓட்டினாள். பிறகு மூடியைச் சாத்தி, துணியை விரித்து, நாலு மூலையையும் இழுத்துச் சரிசெய்து, பூச்சாடியை இருந்த இடத்தில் வைத்தாள்.

வீட்டுக்கு நடந்தோம். வாசலில் செருப்பைக் கழற்றும்போது சொன்னாள்.

"உங்க ஊர்க் கோயில்ல எலி ரொம்பத்தான் இருக்கு."

அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவள் எடுக்கவே இல்லை. நானும் எடுக்கவில்லை. அவள் ஊர் ஆர்கன் ஒரு மழைக்காலத்தில் கூரை ஒழுகிக் கெட்டுப்போன சேதி வந்தபோதும், அப்படியா என்று மட்டும் கேட்டாள். ஆனால் அவள் விரல் சும்மா இருக்காது. சோற்றுப் பானை மூடியின் விளிம்பில், பஸ் ஜன்னல் கம்பியில், மகளைத் தூங்கவைக்கும்போது அவள் முதுகில். நான் பார்த்துக்கொண்டே இருப்பேன். மகள் வளர்ந்து மதுரைக்கு நர்சிங் படிக்கப் போகும்வரை அப்படியே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருமுறையாவது அவள் வாசித்து, நான் கேட்க வேண்டும். அன்றைக்கு ஆட்டிய தலை பொய்யாகிவிடக் கூடாது. கடையில் புதிதாக ஓர் ஆர்கன் வாங்குவது எங்கள் வருமானத்தில் நினைக்கக்கூடிய காரியமாக இல்லை.

இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருடம் இருக்கும். டிவி ரிப்பேருக்கு வருவது குறைந்து, பக்கத்துக் கடைகளெல்லாம் செல்போன் கடையாகிக்கொண்டிருந்த காலம். இருக்கன்குடியில் ஆடிக் கடைசி வெள்ளிக் கூட்டத்தில் கச்சேரி செய்ய வந்த ஒரு பாட்டுக் குழுவினர், மறுநாள் ஒரு கீபோர்டைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார்கள். ஜெனரேட்டரில் கரண்ட் கூடுதலாக வந்து உள்ளே புகைந்துவிட்டது. பதற்றத்தில் யாரோ இழுக்க, மேடையிலிருந்து கீழே விழுந்து பாதிக் கட்டைகள் உடைந்திருந்தன. இரண்டு தடவை வந்து கேட்டார்கள். மூன்றாம் தடவை, புதிது வாங்கிவிட்டோம், இதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று போய்விட்டார்கள்.

"ஏலே, அதைத் தூக்கிப் பழைய சாமான் வண்டில போடு. எடம் அடைக்கி" என்றார் முதலாளி.

நான் போடவில்லை. சாப்பாட்டு நேரத்தில் திறந்து பார்த்தேன். கரண்ட் வாங்குகிற பகுதியும், மேலே பொத்தான் இருக்கிற பகுதியும் கருகியிருந்தன. சத்தம் உண்டாக்குகிற பலகை கருகவில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மூடப்போகிற கம்ப்யூட்டர் சென்டரிலிருந்து ஒரு பழைய பவர் பெட்டியை வாங்கிவந்து, அதிலிருந்து வருகிற கரண்டை அளந்து குறைத்து, இரண்டு ஒயரைத் தொட்டுப் பார்த்தேன். மாட்டியிருந்த பழைய கலர் டிவி ஸ்பீக்கரிலிருந்து ஒரு சத்தம் வந்தது. பொத்தானெல்லாம் போய்விட்டதால் அதற்குள் இருந்த நூற்றுக்கணக்கான வாத்தியத்தில் முதல் வாத்தியம் மட்டும்தான் இனி வரும். அது பியானோ. டிஜிட்டல் பியானோ என்ற பெயரெல்லாம் பின்னால் மகள் சொல்லித்தான் தெரியும்.

சத்தம் இருக்கிறது, கட்டை இல்லை. கட்டை எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அங்கே சத்தம் இல்லை.

ஆராதனை முடிந்ததும் கோயிலை ஒட்டிய சின்ன அறையில் கமிட்டி கூடும். மூன்று ஞாயிறு அந்த அறை வாசல்வரை போய்த் திரும்பினேன். சொல்ல வேண்டியதை மனதுக்குள் பலமுறை சொல்லிப் பார்த்திருந்தேன். நாலாவது ஞாயிறு, கமிட்டிச் செயலாளர் வெளியே எட்டிப் பார்த்தார்.

"என்னலே, செருப்பத் தேடுறியா?"

"இல்லண்ணே. அந்த ஆர்கன்."

"ஆர்கனுக்கு என்ன?"

"அதுல இருக்கற கட்டை வேணும்."

"எதுக்கு? வெந்நி போடவா?" உள்ளே இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"எங்க வீட்டுக்காரி வாசிப்பா."

சிரிப்பு நின்றது. கமிட்டியில் மூத்தவர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றினார். "அவ வாசிப்பாளா? இம்புட்டு வருசமா இந்தக் கோயிலுக்குத்தானப்பா வாரா. ஒரு வார்த்தை சொல்லலியே."

"யாரும் கேக்கலை" என்றேன்.

சொன்ன பிறகுதான், நானும் கேட்டதில்லை என்பது உறைத்தது. அவர்கள் கொஞ்ச நேரம் தங்களுக்குள் பேசினார்கள். பெட்டியைத் தர முடியாது, பூச்சாடி வைக்க இடம் வேண்டும், உள்ளே இருப்பதை வேண்டுமானால் எடுத்துக்கொள் என்று முடிவாயிற்று. ஒரு சனிக்கிழமை அவள் வேலைக்குப் போயிருந்தபோது கட்டைகளை அவற்றின் சட்டத்தோடு கழற்றினேன். அறுபத்தொன்று. சாக்கில் சுற்றிக் கடைக்குக் கொண்டுபோனேன். கீபோர்டிலும் எண்ணிப் பார்த்தேன், அதிலும் அறுபத்தொன்று. கோயிலில் பச்சைத் துணியும் பூச்சாடியும் இருந்தபடியே இருந்தன. பெட்டிக்குள் ஒன்றும் இல்லை என்பது எங்கள் ஏழெட்டுப் பேருக்கு மட்டும் தெரியும்.

அவளிடம் சொல்லவில்லை. செய்து முடிக்குமுன் சொன்னால் அது இன்னொரு தலையாட்டலாகப் போய்விடும் என்று பயம்.

ஒன்றரை வருடம் ஆனது. கீபோர்டின் கட்டைகளுக்கு அடியில் ரப்பர் பட்டை இருக்கும். கட்டை இறங்கும்போது ரப்பர் முதலில் ஓர் இடத்தில் தொடும், பிறகு இன்னோர் இடத்தில் தொடும். அப்போது சத்தம் வரும். அந்த ரப்பரைப் பிளேடால் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு மரக்கட்டைக்கும் அடியில் ஒன்றாக ஒட்டினேன். அடியில் கொடுக்கக் கெட்டி அட்டை வேண்டியிருந்தது. சிவகாசிக் காலண்டர் அட்டையை விடக் கெட்டியானது எங்கே கிடைக்கும்? போன வருடம், அதற்கு முந்தின வருடம் என்று கடைத்தெருவில் சுவரில் தொங்கியதையெல்லாம் கேட்டு வாங்கினேன். எந்த ஒயர் எங்கே போகிறது என்பதைக் கிழித்த தாள்களின் பின்பக்கம் கலர் பென்சிலால் வரைந்து வைத்துக்கொண்டேன். வேலையில்லாத மத்தியானங்களில் முதலாளி வந்து எட்டிப் பார்ப்பார்.

"ஏலே, என்னலே செய்யுத?"

"சும்மா, பாய்."

"சும்மாவா? அம்புட்டும் பல்லு மாதிரில்ல இருக்கு. ஆனைக்குப் பல்செட்டுக் கட்டுதியா?"

ஆனால் பெட்டி செய்யப் பலகை போதாமல் நான் தடுமாறியபோது, கடையில் கிடந்த பழைய டிவி ஷோகேஸை அவரே உடைத்துக் கொடுத்தார்.

தீபாவளி முடிந்ததும் கம்பெனிக்கு ஒரு மாதம் போல லீவு விடுவார்கள். அவள் வீட்டில் இருந்தாள். ஒரு காலையில் முதலாளியின் லோடு ஆட்டோவில் அதை ஏற்றிக் கொண்டுவந்து, எங்கள் ஒற்றை அறையின் ஜன்னலுக்குக் கீழே, தையல் மிஷினின் கால்களின் மேல் பொருத்தினேன். தையல் மிஷினும் பழைய சாமான்தான். மேல்பகுதி இல்லை, மிதிகட்டையும் இல்லை. அவள் குழாயடியிலிருந்து குடத்தோடு வந்தாள். குடத்தைச் சத்தமில்லாமல் இறக்கினாள்.

"என்னது இது?"

நான் துணியை எடுத்தேன். அவள் கிட்டே வந்து குனிந்தாள். கறுப்புக் கட்டை ஒன்றின் மூலை சில்லுப் பெயர்ந்திருக்கும். அதை ஒரு விரலால் தடவினாள்.

"இது நம்ம கோயில் கட்டைல்ல?"

தலையை ஆட்டினேன்.

கையை முந்தானையில் துடைத்தாள். போய்த் தாழ்ப்பாளைத் தொட்டுவிட்டு வந்தாள். ஸ்டூலை இழுக்காமல் தூக்கி வைத்து உட்கார்ந்தாள். நான் சுவிட்சைப் போட்டேன். சிவப்பு விளக்கு எரிந்தது. அவள் ஒரு கட்டையை அமுக்கினாள்.

சத்தம் வரவில்லை.

பக்கத்துக் கட்டையை அமுக்கினாள். அதற்கடுத்ததை. இரண்டு கையையும் வைத்து அமுக்கினாள். ஒன்றும் இல்லை. என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்த முகத்தை நான் முன்பே ஒருமுறை, கல்யாணமாகி முதல் ஞாயிறன்று, பார்த்திருக்கிறேன்.

கடையில் நூறு தடவை அடித்துப் பார்த்த பிறகுதானே கொண்டுவந்தேன். அவளைத் தாண்டிக் கையை நீட்டி ஒரு கட்டையை அடித்தேன். வீடே அதிரும்படி சத்தம் வந்தது. அவள் ஸ்டூலை விட்டு எழுந்து சுவரோரம் போய் நின்றுவிட்டாள். கண்ணை மூடியிருந்தாள். திடீரென்று வருகிற சத்தம் என்றால் அவளுக்கு ஒரே ஓர் அர்த்தம்தான்.

"போடாதீக" என்றாள். "அப்படிப் போடாதீக."

மறுபடி உட்காரவைத்து, அமுக்கச் சொல்லி, அவள் கையைப் பார்த்தேன். அப்போதுதான் விளங்கியது. பழைய ஆர்கனில் சத்தத்தின் பலம் காலில் இருக்கிறது. கை திறந்துவிட்டால் போதும். இதில் அப்படி இல்லை. ரப்பர் முதல் இடத்தைத் தொட்டதற்கும் இரண்டாம் இடத்தைத் தொட்டதற்கும் இடையில் எவ்வளவு நேரம் என்று பார்த்துத்தான் எவ்வளவு சத்தம் என்று அது முடிவுசெய்யும். வேகமாக இறங்கினால் பெரிய சத்தம். மெதுவாக இறங்கினால் சின்னச் சத்தம். மிக மெதுவாக இறங்கினால் யாரும் வாசிக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளும். நான் என் கையால் அடித்து அடித்தே எல்லாவற்றையும் சரிபார்த்திருக்கிறேன். அவள் கட்டையை, மருந்து நிரப்பிய குழாயைத் தட்டில் வைப்பதுபோல் இறக்கினாள்.

"கொஞ்சம் ஓங்கி அமுக்கு."

"ஓங்கியா?" கையைத் தூக்கினாள். வேகமாகத்தான் இறக்கினாள். கட்டைக்கு ஒரு விரல் மேலே வந்ததும் கை தானாக நின்று, பிறகு மெதுவாக உட்கார்ந்தது. இன்னொரு முறை செய்தாள். மறுபடியும் நின்றது. அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "கை நின்னுக்கிடுது. இனிமே எனக்கு வராதுங்க."

நான் சுவிட்சை அணைத்தேன்.

"விடுங்க. பாக்க அழகாத்தான் இருக்கு. மேல ஒரு துணியப் போட்டு, பூச்சாடி ஒண்ணு வச்சிருவம்" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

அன்று முழுக்க யோசித்தேன். அந்தப் பலகையின் கணக்கை மாற்ற எனக்குப் படிப்பு இல்லை. அவள் கையை மாற்றவும் முடியாது. அந்தக் கை அப்படி இருந்ததால்தான் அவள் இருபது வருடத்துக்கு மேல் வேலைக்குப் போய் முழுசாக வீடு திரும்பினாள். மாற்ற முடிந்தது ரப்பரின் இடம் மட்டும்தான். கட்டை பின்பக்கம் ஆணியில் மாட்டியிருக்கும், முன்பக்கம் விரல். கதவின் கீல் பக்கம் மெதுவாக நகரும்போதே கைப்பிடிப் பக்கம் வேகமாக நகர்கிறதல்லவா, அதே கதைதான். பின்னால் இடம் வசதியாக இருக்கிறதென்று நான் ரப்பரை ஆணிக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். அதை விரலுக்குப் பக்கமாகக் கொண்டுவந்தால், அவளுடைய மெதுவான கையும் ரப்பருக்கு வேகமாகத் தெரியும்.

எவ்வளவு தூரம் என்பது அவள் கைக்குத்தான் தெரியும். மறுநாள் மத்தியானம் அவளை உட்காரவைத்துவிட்டு, நான் கீழே மல்லாந்து படுத்துக்கொண்டேன். அடிப்பலகையைக் கழற்றி, ரப்பர் ஒட்டிய அட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நகர்த்தினேன்.

"இப்ப?"

"இல்ல."

"இப்ப?"

"இல்லங்க. சோறு வடிக்கணும்."

"இன்னும் ஒரு தடவ. இப்ப?"

"இல்ல."

அவள் முகம் எனக்குத் தெரியவில்லை. தெரிந்தது அவள் பாதங்கள் மட்டும். சிமெண்டுத் தரையில் இடது கால் இறங்க, வலது கால் ஏற, வலது இறங்க இடது ஏற, மாறி மாறி அவை மிதித்துக்கொண்டிருந்தன. மிதிக்க அங்கே ஒன்றும் இல்லை. அவள் அதை அறியவும் இல்லை. நான் கையிலிருந்த அட்டையை மறந்து அந்தப் பாதங்களையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். கல்யாணத்துக்கு முன்னால் அவள் கோயிலுக்குள் உட்கார்ந்து வாசித்ததை நான் பார்த்ததில்லை. இப்போது கீழேயிருந்து பார்க்கிறேன் என்று தோன்றியது.

"தூங்கிட்டீகளா?"

"இல்ல, இல்ல." இரண்டு விரற்கடை நகர்த்தினேன். "இப்ப?"

தலைக்கு மேலே ஒரு சத்தம் வந்தது. சின்னச் சத்தம். தண்ணீரில் ஒரு சொட்டு விழுந்த மாதிரி.

பாதங்கள் நின்றுவிட்டன.

அட்டையை அங்கேயே ஒட்டி, எல்லாவற்றையும் மூட இரண்டு நாள் ஆயிற்று. அவள் உட்கார்ந்து நாலைந்து கட்டைகளை வாசித்துப் பார்த்தாள். கையை இடப்பக்கம் தள்ளிவைத்து மறுபடி வாசித்தாள். "சுருதி இறங்கிருக்கே" என்றாள். ஆர்கனின் முதல் கட்டையும் கீபோர்டின் முதல் கட்டையும் ஒரே ஸ்வரம் இல்லை என்பது எனக்குத் தெரியாது. முதலோடு முதலைச் சேர்த்துவிட்டேன். மறுபடியும் அத்தனை ஒயரையும் பிரிக்க வேண்டுமா என்று கேட்டேன். "வேண்டாம். எங் குரலும் அம்புட்டு இறங்கிருச்சுல்ல. சரியாத்தான் இருக்கு" என்றாள். ஒரு கட்டையை அமுக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தாள். ஆர்கனில் விரலை எடுக்கும்வரை சத்தம் நிற்கும். இதில் அமுக்கியிருக்கும்போதே தேய்ந்து தேய்ந்து போய்விடும். "வெரல எடுக்குமுன்னே போயிருதே" என்றாள்.

பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள். "காதுல மாட்டுறது உங்க கடைல இருக்குமா? சுவத்துக்கு அந்தப் பக்கம் ஆளு இருக்கு. இருபது வருசம் ஆச்சு, தப்புத் தப்பா வரும். நல்லா வரட்டும், அப்பொறம் நீங்க கேளுங்க."

கடையிலிருந்து ஒரு பழைய ஹெட்போன் கொண்டுவந்து கொடுத்தேன்.

அதை மாட்டிக்கொண்டு அவள் வாசித்தாள். கம்பெனி திறந்த பிறகும், வேனிலிருந்து இறங்கி, கைகால் கழுவி, உலையை வைத்துவிட்டு, அது கொதிக்கிறவரை வாசித்தாள். நான் அதே அறையில் எதிரே உட்கார்ந்திருப்பேன். எனக்குக் கேட்டது கட்டைகள் ரப்பரில் உட்காரும் 'தொப்' என்ற சத்தம் மட்டும். அதுவும் அவள் கையில் பஞ்சு விழுவதுபோல்தான் இருக்கும். அதோடு பாதங்கள் தரையைத் தொடுகிற சத்தம். ஒரு பாட்டு எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்பதை அவள் தோளைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். சில சமயம் கண்ணை மூடிக்கொள்வாள். சில சமயம் தவறு செய்து நாக்கைக் கடித்துக்கொள்வாள். அவள் இருந்த இடம் என்னிடமிருந்து நாலடி தூரம். அங்கே எனக்குப் போக வழியில்லை.

நல்லா வந்துருச்சா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஒரு கிறிஸ்துமஸ் போனது. ஒரு சீசன் போனது. தீபாவளி வந்து, மறுபடி லீவும் வந்தது. நான் கேட்கவில்லை.

அந்த லீவில்தான் ஹெட்போன் ஒயர், சொருகுகிற பின்னுக்குப் பக்கத்தில் மடிந்து மடிந்து அறுந்தது. "இதைக் கொஞ்சம் சரி பண்ணிக் குடுங்க" என்று பையில் போட்டுவிட்டாள். கடைக்குப் போய் எடுத்துப் பார்த்தேன். இரண்டு நிமிட வேலை. கண்ணை மூடிக்கொண்டு செய்வேன். அதை மேஜையின் கடைசி அறையில் வைத்து, அறையைச் சாத்தினேன்.

சாயங்காலம் கேட்டாள். "ஆச்சா?"

"பின் இல்ல. விருதுநகர்ல போய்த்தான் பாக்கணும்."

சொல்லிவிட்டு முகம் கழுவப் போய்விட்டேன்.

நாலு நாள் அவள் பியானோவுக்குப் பக்கத்தில் போகவில்லை. உலை கொதிக்கிறவரை சும்மா உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்தாள். அவளுக்கு என்னால் கொடுக்க முடிந்த ஒன்றையும் நானே பிடுங்கிவிட்டேனே என்று இருந்தது. நாளைக்கு ஒட்டிக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் நினைப்பேன். கடையில் அந்த மேஜை அறையைத் திறந்து பார்த்துவிட்டு மூடிவிடுவேன்.

"அறைக்குள்ள என்னலே கோழி அடைகாக்குதா? திறக்க, மூட, திறக்க, மூட" என்றார் முதலாளி.

ஐந்தாம் நாள் ஞாயிறு. கோயிலுக்குப் போய் வந்து சாப்பிட்டோம். நான் வாசல்படியில் உட்கார்ந்து ஒரு டேப்ரிக்கார்டரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே தாழ்ப்பாள் லேசாக ஆடுகிற சத்தம் கேட்டது. நான் திரும்பவில்லை. திரும்பினால் எழுந்துவிடுவாள்.

முதலில் ஒற்றை ஒற்றையாக நாலைந்து கட்டைகள். பிறகு தொடங்கியது. பஸ்ஸை விட்டு இறங்கி நடந்த அந்தத் தெருவில் கேட்டதா இது, வேறா என்று முதலில் தெரியவில்லை. அது ஆர்கன், இது பியானோ, சுருதியும் வேறு. மேலே ஏற ஆரம்பித்தபோது தெரிந்துவிட்டது. அன்றைக்கு நின்ற அதே இடத்துக்கு வந்தது. அங்கே அவள் விரல் தப்பான கட்டையில் விழுந்தது. நின்றாள். முதலிலிருந்து வாசித்தாள். அதே இடத்தில் மறுபடி தப்பு. நான் துடைக்கிற துணியைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டில் டிவிச் சத்தத்தைக் குறைத்தார்கள். மூன்றாம் தடவை அந்த இடத்துக்கு வந்து, கொஞ்சம் தயங்கி, தாண்டிப் போனது. உச்சிக்குப் போகும் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். அது அங்கிருந்து மெல்லக் கீழே இறங்கி, மிகத் தாழ்வான இடத்தில் போய் முடிந்தது.

முடிந்த பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை. நானும் எழவில்லை. உள்ளிருந்து குரல் வந்தது.

"அந்தப் பின்னு இனிமேயாவது கிடைக்குமா?"

"பாக்கணும்."

"நல்லாத் தேடிப் பாத்தீகளா?"

"பாத்தேன்."

"உங்க கடைலயும் எலி இருக்கும்போல" என்றாள்.

நான் டேப்ரிக்கார்டரைத் துடைத்தேன். அவள் அடுத்த பாட்டைத் தொடங்கினாள்.

அதற்குப் பின் அவள் காதில் மாட்டிக்கொண்டு வாசித்ததில்லை. இப்போது அவள், மகளின் பிரசவத்துக்காகக் கோயம்புத்தூர் போயிருக்கிறாள். போய் மூன்றாவது மாதம் நடக்கிறது. கோயிலுக்குப் போய் வந்த மத்தியானங்களில் நான் ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு கட்டையை அமுக்கிப் பார்ப்பேன். எவ்வளவு மெதுவாக அமுக்கினாலும் என் கைக்கு அது சத்தம் போடுகிறது. அவள் கைக்கென்று வைத்த இடம் அது. செம்பைச் சத்தமில்லாமல் தரையில் வைத்துப் பழகிப் பார்க்கிறேன். இன்னும் வரவில்லை. போனில் பேசும்போது, சாப்பிட்டீகளா என்று கேட்பாள், பேரனின் நிறத்தைச் சொல்வாள். பிறகு, பியானோப் பெட்டியைத் துணி போட்டு மூடி வைத்திருக்கிறேனா என்று கேட்பாள். வைத்திருக்கிறேன் என்பேன்.

வைக்கவில்லை. துணி மூடிய பெட்டியைப் பார்த்துக்கொண்டு என்னால் இருக்க முடியாது. திறந்தே கிடக்கிறது.